கால் படாத இடம்

"படிச்சவளுக்கு எல்லாமே நாறும். மோந்து பாக்குற மூக்கு இருக்கு உனக்கு. அள்ளுற கை இருக்கா?"

அம்மா இதைக் கேட்டபோது அவள் கையில் சாம்பிராணித் தட்டு புகைந்துகொண்டிருந்தது. நான் வேலை முடிந்து வந்து, சமையலறை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, "மறுபடியும் நாறுதும்மா" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அந்த நாற்றத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டில் அதைச் செத்த எலி என்றார்கள். செத்த எலி கொஞ்ச நாளில் காய்ந்து, நாற்றமும் ஓய்ந்துவிடும். இது ஓயாது. புளித்த பால், கறுத்துப்போன வாழைப்பழம், ஈரச் சாம்பல், கரப்பான் பூச்சி எச்சம், எல்லாம் ஒரே சட்டியில் மூடிவைத்தது போல இருக்கும். அதன் மேல் ஒரு இனிப்பு வாசம். அழுகலையாவது பொறுத்துக்கொள்ளலாம், அந்த இனிப்பைத்தான் பொறுக்க முடியாது. மழை பெய்தால் நாற்றம் தடித்துவிடும். அம்மா உடனே சாம்பிராணி போடுவாள். நாற்றம் சாம்பிராணியைத் தின்றுவிட்டு இன்னும் கொழுத்து வரும்.

நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு சிப் தொழிற்சாலையில் பொறியாளர். உள்ளே போகுமுன் தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி போட்டு, காற்றடிக்கும் பெட்டிக்குள் நின்று, தூசி உதிர்த்துவிட்டுப் போக வேண்டும். ஒரு தலைமுடி விழுந்தால் விசாரணை நடக்கும். அங்கே பகலெல்லாம் இருந்துவிட்டு வந்து இந்தச் சமையலறையில் சோறு சாப்பிட வேண்டும். ஒருநாள் உடை மாற்றும் அறையில், கூட வேலை செய்யும் ஒருத்தி என் பையை முகர்ந்துவிட்டு, "என்னலா, கோயிலுக்குப் போய்ட்டு வரியா?" என்று கேட்டாள். பிறகு இன்னொரு முறை முகர்ந்தாள்.  தன் பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். அன்று நான் வீட்டுக்கு வந்து என் பையை இரண்டு தடவை துவைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் படித்து வந்த முதல் ஆள் நான். அம்மா பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவள். அண்ணன் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், நின்றுகொண்டான். இதை நான் அடக்கமாகச் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. அந்தச் சமையலறை மேசையில்தான், அந்த நாற்றத்தில்தான் படித்தேன்.

வீடு எங்களுடையது அல்ல. ஜார்ஜ் டவுனில், போருக்கு முன்னால் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா நான் பிறப்பதற்கு முன்பே வாடகைக்கு எடுத்தது. பின்கட்டுச் சமையலறையில், மார்பளவு உயரத்துக்குச் செங்கல்லில் கட்டிய பெரிய விறகடுப்பு ஒன்று இருந்தது. அதன் மேலே கூடாரம் போலக் குவிந்து கூரைக்கு வெளியே போகும் புகைபோக்கி. கேஸ் அடுப்பு வந்ததும் அப்பா அந்த அடுப்பு வாயைப் பலகை அடித்து மூடி, சிமெண்டு பூசி, அதன் முன்னாலேயே சாமி மேடை வைத்தார். சாமியைக் கிழக்கு பார்த்து வைக்க அந்தச் சுவர் ஒன்றுதான் தோதாக இருந்தது. பலகை மேலே முழுக்க எட்டவில்லை. கையகலத்துக்கு ஓர் இடைவெளி. அதை முருகன் படம் மறைத்துக்கொண்டது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் எல்லாம் அப்படியே இருந்தது.

சீனப் பெருநாள் முடிந்து வீட்டுக்கார ஆன்ட்டி வந்தார். வயதான சீன அம்மா. அந்த வீட்டிலேயே பிறந்தவர். அம்மாவோடு எப்போதும் மலாயில்தான் பேசுவார். சமையலறைக்குள் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார்.

"பூசோக்லா!" என்றார். நாற்றத்துக்கு மலாயில் அதைவிட நாறும் சொல் கிடையாது.

அம்மா சாம்பிராணி எடுக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஆன்ட்டி சுற்றி வளைக்கவில்லை. மகன் வீட்டைச் சுற்றுப்பயணிகளுக்கு விடுகிற விடுதியாக மாற்றக் கேட்கிறான். தனக்கு விருப்பமில்லை. ஆனால் இப்படி நாறினால் மகனுக்கு என்ன பதில் சொல்வது? பிறகு சாமி மேடையைக் கை காட்டினார். "என் அம்மா அங்கேதான் சமைத்தாள். நீங்கள் அதன் வாயை அடைத்துவிட்டீர்கள். மூச்சு விட முடியாத வீடு நாறத்தான் செய்யும். அடைத்ததைத் திற. அடுப்பைப் பழையபடி ஆக்கு. மழைக்காலத்துக்கு முன்னால் நான் வந்து பார்ப்பேன். நாற்றம் இல்லையென்றால் இருங்கள். இருந்தால் வீட்டை மகனிடம் கொடுத்துவிடுவேன்."

அண்ணனுக்குச் செய்தி போனது. அவன் கடலுக்கு அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில், புதுத் தாமான் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கியிருந்தான். "எதுக்கு அந்த இடிஞ்ச வீட்டக் கட்டிக்கிட்டு அழுறீங்க? இங்க வந்துருங்க. பின்னால ரூம் சும்மாதான் கெடக்கு," என்றான்.

அந்தப் பின்னறையை எனக்குத் தெரியும். துணி காயப்போடும் கம்பியும் அரிசி மூட்டையும் இருக்கும் அறை. அங்கே போனால் அம்மா அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள். நான் அண்ணன் வீட்டில் கல்யாணமாகாமல் இருக்கும் தங்கச்சி. இரவில் நேரம் கழித்து வந்தால் அண்ணி கதவு திறப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள், சொல்லாததை எல்லாம் முகத்தில் வைத்திருப்பாள். நாறினாலும் இது என் வாடகையில் நிற்கும் வீடு. என் சாவி.

அம்மாவோ இரண்டு பக்கமும் சாய்ந்தாள். "அண்ணன் வீட்ல நாத்தமே இல்ல. எல்லாம் டைல்ஸ்," என்பாள். மறுநிமிடம், "சாமிய எடத்த விட்டு நகத்தக் கூடாது," என்பாள். இரண்டையும் ஒன்றாக எப்படிச் செய்வது என்று கேட்டால், படித்தவள்தானே, நீயே சொல் என்பாள்.

கடைசியில் நல்ல நேரம் பார்த்து, சாமி படங்களை ஒவ்வொன்றாக மஞ்சள் துணியில் வைத்துச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றினோம். சுங்கை பினாங்கிலிருந்து ஒரு கொத்தனார் அண்ணன் வந்திருந்தார். வாய் நிறைய பேச்சு. "இது என்ன தங்கச்சி, ஒரு பலக. தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவேன்," என்றார். உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். சிமெண்டு உதிர்ந்தது. கடப்பாரையைச் செருகி நெம்பினார்.

பலகை மொத்தமாகக் கழன்று வந்தது. அதன் பின்னால் இருந்ததும் வந்தது.

முதலில் அது சேறு என்று நினைத்தேன். கறுப்பாக, ஈரமாக, அடுப்பு மேடையின் விளிம்பு வழியாக மெல்ல வழிந்து கொத்தனாரின் செருப்பின் மேல் உட்கார்ந்தது. சேற்றில் நார் இருக்காது. இதில் நார் நாராக இருந்தது. மாலை கட்டும் வாழைநார். அந்த நாரெல்லாம் அசைந்தது. புழு. வெள்ளைப் புழு, சோறு கொட்டியது போல. அதற்குள்ளிருந்து கரப்பான்கள் சுவரில் ஏறி எங்கள் தலைக்கு மேலே போயின. ஒன்று என் கழுத்தில் விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் சாப்பாட்டு மேசையில் சாமி படம் ஒன்று சாய்ந்தது.

நான் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது கொத்தனார் தம் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே போறீங்க?"

"தங்கச்சி, உள்ள நல்லாப் பாருமா. விபூதி பொட்டலம் கெடக்கு. தேங்கா மூடி கெடக்கு. புள்ளையாரு படம் கெடக்கு."

"அதுக்கு?"

"குப்பைன்னா காசு வாங்கிட்டு அள்ளிடுவேன். சாமின்னா கும்பிட்டுட்டுப் போயிடுவேன். ரெண்டும் ஒண்ணா கெடந்தா நான் என்னா செய்றது சொல்லு? எனக்கும் புள்ளகுட்டி இருக்குலா."

அவர் தெருக்குழாயில் செருப்பைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அந்தக் குவியலை என்னைப் போல் பார்க்கவில்லை. பழக்கமானவரைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அம்மா, இத யாரு உள்ள போட்டது?"

"சாமி பூவக் குப்பையில போடலாமா? கால் படாத எடத்துல போடணும். இந்த வீட்ல கால் படாத எடம் வேற எங்கடி இருக்கு?"

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாடிய மாலையை எடுத்து, முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் கையகல இடைவெளியில் தள்ளியிருக்கிறாள். மாலை மட்டுமா? பாலில் ஊறிய பூ. படையல் பழம். அணைந்த திரி. பஞ்சாமிர்தம் ஒட்டிய இலை. வருடம் முடிந்த சாமி காலண்டர். நான் பிறந்தது முதல் இன்றுவரை எங்கள் வீட்டுப் பக்தி முழுவதும் அந்தச் சுவருக்குப் பின்னால் இறங்கி ஊறிக்கொண்டிருந்தது. மேலே புகைபோக்கி வழியாக மழை அதற்குத் தண்ணீர் ஊற்றியது. நாற்றம் வந்தால் அம்மா அதன் முன்னாலேயே நின்று சாம்பிராணி போட்டாள். இன்னும் நாறினால், சாமி குற்றம் என்று இன்னும் பெரிய மாலை வாங்கிப் போட்டாள். அந்த மாலையும் வாடியது. அதுவும் உள்ளே போனது.

"ஆத்துல விட்டிருக்கலாமேம்மா."

"எந்த ஆத்துல? சுங்கை பினாங்கு ஆத்துலயா? அந்தக் கறுப்புத் தண்ணியிலயா சாமி பூவப் போடச் சொல்ற? உனக்குக் கூச்சமா இல்ல?"

இதைப் புழு நெளியும் குவியல் முன்னால் நின்றுகொண்டு என்னைக் கேட்டாள்.

வேறு ஆள் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. விஷயம் தெரு முழுக்கப் போயிருக்கும். அண்ணனைக் கூப்பிட்டேன். "அதான் சொன்னேன்ல, அத அப்படியே வுட்டுட்டு வந்துருங்க," என்றான். நான் போனை வைத்துவிட்டுத் தொழிற்சாலையில் போடுவது போலக் கையுறை, முகமூடி, தலையுறை எல்லாம் போட்டுக்கொண்டு துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்தேன்.

"தொடப்பத்தக் கீழ வை," என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"தொடப்பம் படக்கூடாது. சாமி மேல போட்ட பூ. கையால எடு."

நான் அவளை முறைத்தேன். அவள் அசையவில்லை.

"வலது கையால," என்றாள்.

வலது கையால் அள்ளினேன். கையுறை இருந்தும் அதன் சூடு தெரிந்தது. அழுகுவது சூடாக இருக்கும் என்று படித்திருக்கிறேன். படித்ததைக் கையில் பிடிப்பது இதுதான் முதல் தடவை. மேலே இருந்தவற்றில் இன்னும் செவ்வந்தி என்று தெரியும் இதழ்கள் இருந்தன. அதற்குக் கீழே பூவென்றும் பழமென்றும் பிரிக்க முடியாத கூழ். நெய் மிதக்கும் தோல் ஒன்று அதன் மேல் படர்ந்திருந்தது. அதைக் கிழித்தபோது வந்த காற்று முகமூடிக்குள் நுழைந்து நாக்கில் உட்கார்ந்தது. அந்த இனிப்பு! இத்தனை வருடம் நான் மோந்ததெல்லாம் மூடியின் மேல் பக்கத்தைத்தான். தேங்காய் மூடிகளுக்குள் கறுப்புத் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு மூடியிலும் ஏதோ நீந்தியது. தெய்வங்களின் முகங்கள் காலண்டர் தாளில் ஒட்டிக்கொண்டு வந்தன. லட்சுமியின் கண்ணில் கரப்பான் முட்டை ஒட்டியிருந்தது. அதற்கும் கீழே அடர்ந்த கறுப்புக் களி. கையை எடுத்தால் சப்பென்று ஒரு சத்தம் வரும். இன்றும் யாராவது தட்டில் தயிர்ச்சோறு பிசைந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

ஒவ்வொரு கைக்கும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். திட்டவில்லை. என் கை அள்ளுகிறதா இல்லையா என்று அவள் பார்க்கட்டும் என்று இருந்தது. குமட்டும்போதெல்லாம், அள்ளுற கை இருக்கா என்று அவள் கேட்டதை நினைத்துக்கொண்டு அடுத்த கை வைத்தேன். என் பட்டமளிப்பு விழாவில் மேடை ஏறியபோதுகூட இவ்வளவு திமிர் என்னிடம் இருந்ததில்லை.

பாதியில் அம்மா வாசலுக்குப் போனாள். காறித் துப்பும் சத்தம் கேட்டது. பிறகு நீண்ட நேரம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம். திரும்பி வந்து சேலைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு, கறுப்புப் பைகளின் வாயை விரித்துப் பிடித்தாள்.

அவற்றை எங்கே போடுவது என்று மறுபடி சண்டை. கடலில் என்றாள். கடலுக்கும் ஒரு மானம் இருக்கிறது என்றேன். மறுநாள் குப்பை லோரி வரும் சத்தம் கேட்டதும் அவள் எனக்கு முன்னால் எழுந்து தெருவுக்குப் போயிருந்தாள். வாசலில் அடுக்கிய குப்பைப் பைகளின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். தாம்பாளத்தில் சூடம் ஏற்றி, பைகளுக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். லோரிக்காரர்கள் இறங்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பைகள் உள்ளே விழுந்து, இரும்புப் பலகை அவற்றை நசுக்க, பச்சைத் தண்ணீர் ரோட்டில் வழிய, என் அம்மா குப்பை லோரியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எதிர்வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. எனக்குத் தலை நிமிரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கொத்தனார் வாசலில் நின்றார். "சாமி போயிருச்சா தங்கச்சி?"

"போயிருச்சுண்ணே. லோரியில."

மீதி வேலையை அவர்தான் செய்தார். கூரையில் ஏறிப் புகைபோக்கியின் வாயைக் குடைந்தார். புறாக்கூடு, புறா எலும்பு, மழையில் ஊறித் தார் போல ஆன கரி, எல்லாம் கீழே விழுந்தன. நான் அள்ளினேன். இதற்குத் துடைப்பம் போடலாமாம். அம்மா அனுமதி கொடுத்தாள். செங்கல்லைச் சோடாத்தூளும் இரும்புப் பிரஷும் போட்டுத் தேய்த்தேன். உளுத்த செங்கற்களைக் கொத்தனார் பெயர்த்துவிட்டுப் பழைய வீடு இடிக்கும் இடத்திலிருந்து வாங்கி வந்தவற்றை வைத்தார். சிமெண்டு வேண்டாம், செங்கல் மூச்சு விடட்டும் என்று சுண்ணாம்புச் சாந்து பூசினோம். மேலே மழை விழாமல் தகரக் குல்லாய். சுண்ணாம்பு காயக் காய நாற்றம் இளைத்தது. ஆனாலும் என் மூக்கை நான் நம்பவில்லை. எந்நேரமும் கையை மோந்துகொண்டே இருந்தேன்.

ஆன்ட்டி சொன்னபடி மழைக்கு முன்னால் வந்தார். அடுப்பில் தேங்காய் மட்டை அடுக்கிப் பற்றவைத்தேன். புகை மேலே போகவில்லை. நேராக எங்கள் முகத்துக்கு வந்தது. அம்மா இருமினாள்.  அண்ணனின் அரிசி மூட்டை கண் முன்னால் வந்தது.

ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ரொம்ப நாள் தூங்கிவிட்டது. மேலே சூடு காட்டு." கைப்பையிலிருந்து சாமிக்கு எரிக்கும் தங்கத்தாள் கட்டை எடுத்தார். எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுக் கோயிலுக்குப் போக இருந்தாராம். ஒரு தாளை முறுக்கிப் பற்றவைத்து, புகைபோக்கிக்குள் கையை உயர்த்திப் பிடித்தார். தாள் எரிந்து முடிவதற்குள் சுவருக்குள் ஊதுவது போல ஒரு சத்தம் கேட்டது. சமையலறையில் இருந்த புகை திரும்பிப் போய் அடுப்புக்குள் நுழைந்தது. மேலே ஏறிப் போய்விட்டது.

ஆன்ட்டி அடுப்பு வாய்க்குள் தலையை விட்டு மோந்தார். மூலை மூலையாக மோந்தார். அம்மாவையும் ஒரு முறை மோந்தார். பிறகு, "போலே," என்று மலாயில் சரி சொன்னார். "இருங்கள்." நான் அடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

போகும்போது ஆன்ட்டி அம்மாவிடம், "உங்கள் சாமி பூவை ஏன் எரிப்பதில்லை? நாங்கள் எல்லாவற்றையும் எரித்துவிடுவோம்," என்றார். அம்மா கொஞ்சம் யோசித்தாள். "நெருப்பும் கால் படாத எடம்தான்," என்று தமிழில் எனக்குச் சொன்னாள். ஏதோ தானே கண்டுபிடித்தது போல.

இப்போது சாமி எதிர்ச்சுவரில், மேற்கு பார்த்தாலும் பரவாயில்லை என்று, நாலு கால் மேசையில் இருக்கிறது. பின்னால் என்ன இருக்கிறது என்று குனிந்தால் தெரியும். நான் தினமும் குனிந்து பார்க்கிறேன்.

போன ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போனோம். டைல்ஸ் பளபளத்தது. சாமி அலமாரி சுவரோடு ஒட்டி, தேக்கு நிறத்தில், கண்ணாடிக் கதவோடு நின்றது. சாப்பிட உட்காரும்போது அம்மா மூக்கைச் சுருக்கினாள். அங்கே இங்கே திரும்பினாள். என் காதோரம் குனிந்தாள்.

"இங்க என்னாடி இனிப்பா நாறுது?"

அண்ணி அதைக் கேட்டுவிட்டு, "மழ வர்ற மாதிரி இருக்குல்ல, அதான்," என்று சாம்பிராணி எடுக்க எழுந்தாள்.

"அண்ணி, ஒக்காருங்க," என்றேன். அதற்குள் நான் தட்டை ஒதுக்கிவிட்டு, வலது கையால் அலமாரியின் ஒரு முனையைச் சுவரை விட்டு இழுத்துவிட்டிருந்தேன்.